படுக்கைக்கு எவ்வளவு தேறும்?

ஆஸ்டர் டிஎம் ஹெல்த்கேரும் குவாலிட்டி கேர் இந்தியாவும் ஒன்றாக இணையப்போவதாக 2024 நவம்பரில் அறிவித்தன. இரண்டும் சேர்ந்தால் 38 மருத்துவமனைகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகள். குவாலிட்டி கேருக்குப் பின்னால் நிற்பது பிளாக்ஸ்டோன் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம். இதெல்லாம் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வரும் செய்தி. நாம் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறோம் தோழர்களே. அது அவர்களுக்கு வசதி.

கேரளத்தைப் பாருங்கள். கொச்சியிலும் கோழிக்கோட்டிலும் ஆஸ்டர் இருக்கிறது. திருவனந்தபுரத்தின் கிம்ஸ்ஹெல்த் 2023இல் குவாலிட்டி கேர் கைக்குப் போனது. பெயர்ப்பலகைகள் வேறு, கல்லாப்பெட்டி ஒன்று. சரி, கோழிக்கோட்டில் ஆஸ்டருக்கு எதிரே பேபி மெமோரியல் இருக்கிறதே என்பீர்கள். அதை 2024இல் கேகேஆர் வாங்கிவிட்டது. அதுவும் அமெரிக்க முதலீட்டு நிறுவனம்தான்.

இதற்குப் 'போட்டித்திறன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த நோயாளிக்கான போட்டி? இந்த நிறுவனங்கள் பங்குதாரர்களிடம் பெருமையாகக் காட்டும் ஓர் எண் உண்டு. ஆள் படுத்திருக்கும் ஒரு படுக்கையிலிருந்து நாளொன்றுக்குச் சராசரியாக வரும் வருமானம். 'ஆர்பாப்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சென்னையில் பிறந்த அப்பல்லோவும் பல ஆண்டுகளாக இதைச் சொல்லி வந்திருக்கிறது. ரொக்கம் கட்டுபவரோ தனியார் காப்பீடு வைத்திருப்பவரோ வெளிநாட்டிலிருந்து வருபவரோ படுத்தால் அந்த எண் ஏறும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்றிதழ் வாங்கி, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு நம் சேரியிலிருந்து ஒருவர் போய்ப் படுத்தால் இறங்கும், ஏனென்றால் அரசுத் திட்டம் தரும் கட்டணம் குறைவு. 'பெட் காலி இல்லை' என்று சொல்ல அங்கே யாரும் சாதி கேட்க வேண்டியதில்லை. அட்டையைப் பார்த்தால் போதும்.

சங்கிலி நீள நீளப் பேரம் பேசும் பலமும் கூடுகிறது. 2025 ஆகஸ்டில், கட்டணத்தை உயர்த்தித் தரவில்லை என்று கூறி, பஜாஜ் அலையன்ஸ் பாலிசிதாரர்களுக்கு ரொக்கமில்லாச் சிகிச்சையை நிறுத்தும்படி தனியார் மருத்துவமனைகளின் சங்கம் ஒன்று வட இந்தியாவில் தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. அதே மாதம் ஹரியானாவில் அரசு வைத்த நிலுவைக்காகத் தனியார் மருத்துவமனைகள் ஆயுஷ்மான் பாரத் சிகிச்சையை நிறுத்தின. அரசு நிலுவை வைத்தது தப்புதான், அதை நாமும் கேட்போம். ஆனால் பாலிசிதாரர் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஆயுஷ்மான் அட்டைக்காரர் எங்கே போவார்?

வேலை விஷயத்தையும் சேர்த்துப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் மருத்துவர், செவிலியர் பணிகளுக்கு இடஒதுக்கீடு உண்டு. இந்தச் சங்கிலிகளில் கிடையாது. நம் ஆட்கள் அங்கே உள்ளே போவது பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் சீருடையில், துடைப்பத்தோடு.

ஆஸ்டர் இணைப்புக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2025இல் அனுமதி கொடுத்துவிட்டது. அந்த ஆணையத்திடம் யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2015இல் டெல்லியில் ஒருவர், வெளியே 11.50 ரூபாய் விலை அச்சிட்டு விற்கும் சிரிஞ்சை மருத்துவமனைக்குள் 19.50க்கு விற்கிறார்கள் என்று புகார் கொடுத்தார். அந்த விசாரணைதான் 2018இல் தலைநகர்ப் பகுதியின் பெரிய மருத்துவமனைகளை நோக்கி விரிந்தது. ஆகவே விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள், காப்பீட்டு அட்டையோடு போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்களைத் தேடிப் பேசுங்கள். எந்த மருத்துவமனை, எந்தத் தேதி, என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுதி வாங்குங்கள். கையில் பில் இருந்தால் அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.