எது குறைவோ அது

விமானக் கம்பெனி தன் வசதிக்காகப் புறப்படும் நேரத்தை மாற்றினால் அதற்குப் பெயர் 'நேரமாற்றம்' அல்ல, ரத்து. பத்து மணி விமானத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஆறு மணி விமானத்தில் ஏறச் சொல்கிறவர், நான் வாங்கிய பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு பொருளைத் தலையில் கட்டுகிறார். கடைக்காரர் செய்தால் சண்டைக்குப் போகிறோம். விமானக் கம்பெனி செய்தால் வாயை மூடிக்கொள்கிறோம்.

நாம் தேதியை மாற்றினால் மாற்றுக் கட்டணம், அதற்கு மேல் டிக்கெட் விலை வித்தியாசம். அவர்கள் மாற்றினால் 'அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு குறுஞ்செய்தி. எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் 'கொந்த்ரா' என்ற சொல்லைச் சொல்லிக் கொடுத்தபோது, அது இரண்டு பக்கத்தையும் கட்டும் கயிறு என்றுதான் சொன்னார்கள். இங்கே பயணியை மட்டும் கட்டுகிறது.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள், எழுபத்திரண்டு வயது. பேத்தி கல்யாணத்துக்கு தில்லி போக டிக்கெட் போட்டிருந்தார். காலை 10 மணி விமானம் 6 மணிக்கு மாறியது. செய்தி இரண்டு நாள் முன்பே டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜெண்டின் எண்ணுக்குப் போய்விட்டது; அம்மாளுக்குத் தெரிந்ததோ முதல் நாள் இரவு. புதுச்சேரியிலிருந்து சென்னை விமான நிலையம் சுமார் 150 கிலோமீட்டர். நள்ளிரவில் கார் பிடித்து, தூங்காமல், தனியாகப் போய்ச் சேர்ந்தார். விசாரித்தால், 'முன்கூட்டியே தெரிவித்துவிட்டோமே' என்றார்களாம்.

சட்டப்படி அவர்கள் சொன்னது சரிதான். கோளாறே அங்கேதான் இருக்கிறது. நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் 2010 ஆகஸ்டில் கொண்டுவந்த விதியின் தலைப்பில் மூன்றே விஷயங்கள்: விமானத்தில் ஏற்ற மறுத்தல், ரத்து, தாமதம். நேரத்தை முன்னுக்கு இழுப்பது அந்தத் தலைப்பிலேயே இல்லை. ரத்துக்கும்கூட, 24 மணி நேரத்துக்கு முன் சொல்லிவிட்டால் மாற்று விமானம் அல்லது பணம் வாபஸ், அவ்வளவுதான். சொல்லாமல் ரத்து செய்தால்தான் நஷ்டஈடு: பறக்கும் நேரத்தைப் பொறுத்து ரூ. 5,000, 7,500, 10,000. அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது.

அந்தக் கடைசி மூன்று சொற்களை எனக்கு நன்றாகத் தெரியும். பயணப்படி பில்களில் ஆயுள் முழுக்க எழுதியவன் நான். கொடுக்கிறவன் கையைக் காப்பாற்றுவதற்காகவே பிறந்த சொற்கள் அவை.

ஐரோப்பிய விதியைப் பிரெஞ்சிலேயே படித்துப் பார்த்தேன். 261/2004 என்ற எண். 2005 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கும் குறைவான அவகாசத்தில் ரத்து செய்து, ஒத்துவரும் நேரத்தில் மாற்று விமானம் தராவிட்டால், தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ. டிக்கெட் விலை என்னவென்று கேட்பதில்லை. பயணிக்குச் சேதி போய்ச் சேர்ந்ததை நிரூபிப்பது கம்பெனியின் பொறுப்பு. ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னுக்கு இழுத்தால் அதுவும் ரத்துதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம் அம்மாள் அதே தூரத்தை ஐரோப்பாவுக்குள் பறந்திருந்தால் 400 யூரோ கேட்டிருக்கலாம்.

பாரிஸில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் கவனிக்கவும்: பாரிஸிலிருந்து புறப்படும்போது எந்தக் கம்பெனி விமானமானாலும் இந்த விதி உண்டு. சென்னையிலிருந்து பாரிஸ் போகும்போது ஐரோப்பியக் கம்பெனியின் விமானமானால் மட்டும்.

'பனிமூட்டத்துக்கு நாங்கள் என்ன செய்வோம்?' என்பார்கள். பனிமூட்டம் இரண்டு நாள் முன்பு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு வருவதில்லை. தவிர, கம்பெனியின் கையை மீறிய காரணங்களுக்கு இரண்டு விதிகளிலும் விலக்கு உண்டு. 'டிக்கெட் விலை ஏறிவிடும்' என்பார்கள். இருபது ஆண்டுகளாக அந்த விதியின் கீழ்தான் ஐரோப்பாவில் மலிவு விமானங்கள் பறந்துகொண்டிருக்கின்றன.

சட்டம் மாறும்வரை நாம் செய்யக்கூடியவை சில. டிக்கெட்டில் உங்கள் எண்ணையே கொடுங்கள், ஏஜெண்டின் எண்ணை அல்ல. தொடர்பு விவரம் தராதவருக்கு நஷ்டஈடு இல்லை என்று விதியே சொல்கிறது. மாற்றச் செய்தி வந்தால் அவசரப்பட்டு 'சம்மதம்' என்பதை அழுத்தாதீர்கள். முழுப் பணமா, வேறு விமானமா என்று எழுத்தில் கேளுங்கள். கார் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஏர்சேவா தளத்தில் புகார் செய்யுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால், 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

அரசாங்கத்தை நான் கேட்பது இரண்டே திருத்தம். ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னுக்கு இழுத்தால் ரத்து என்று எழுதுங்கள். 'எது குறைவோ அது' என்பதில் ஒரு சொல்லை அடித்துவிட்டு, 'எது அதிகமோ அது' என்று போடுங்கள். ஒரு குமாஸ்தாவுக்கு அரை நிமிட வேலை.