துணைக்கு ஆள் இருந்தால் போதுமா?

மலையேற்றம் என்றதும் பலருக்கு எவரெஸ்ட்தான் ஞாபகத்துக்கு வரும். கயிறு, பனிக்கோடாரி, ஆக்ஸிஜன் சிலிண்டர்... ஆனால் உலகத்தில் பெரும்பாலானவர்கள் ஏறுவதென்னவோ சின்ன மலைகளைத்தான். ஒரு விடுமுறை நாள், கூட ஒரு நண்பர், கையில் சாப்பாட்டுப் பொட்டலம். அவ்வளவுதான் ஏற்பாடு.

டோக்கியோவின் மேற்கு ஓரத்தில், ஹச்சியோஜி நகரத்தில் இருக்கும் தகாவோ மலை அப்படிப்பட்டது. உயரம் வெறும் 599 மீட்டர். ஷின்ஜுக்குவில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அடிவாரம் வந்துவிடும். 1927-லிருந்து கேபிள் கார் இருக்கிறது. பாதி வழியில் யாகுவோ-இன் என்ற பழைய பௌத்த ஆலயம், அங்கே நீண்ட மூக்கோடு முறைக்கும் தெங்கு சிலைகள். நவம்பர் பாதிக்கு மேல் மேப்பிள் இலைகள் சிவந்துவிடும். வானம் தெளிவாக இருந்தால் உச்சியிலிருந்து ஃபூஜி மலை தெரியும். கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்!

சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இலை சிவக்கும் அதே நாட்களில் பகல் சுருங்கிவிடுகிறது. நவம்பர் கடைசியில் டோக்கியோவில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். ஓடையை ஒட்டிப் போகும் ஆறாம் எண் பாதை பள்ளத்தில், அடர்ந்த மரங்களுக்கு நடுவே போவதால் அங்கே இருட்டு இன்னும் சீக்கிரம் வரும். ஈரக் கல், வெளியே துருத்தும் வேர், அதன் மேல் உதிர்ந்த இலை. கேபிள் காரில் இறங்கிவிடலாம் என்று நினைத்தால் இலை பார்க்க வந்த கூட்டம் முழுக்க அங்கே வரிசையில் நிற்கிறது. 'சின்ன மலைதானே' என்று டார்ச் கூட இல்லாமல் வந்தவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். இந்தக் குட்டி மலையிலும் மீட்புக் குழுவுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது.

நண்பர் கூட இருக்கிறாரே, அப்புறம் என்ன பயம் என்று கேட்கலாம். உண்மையில் நண்பரோடு போவதில் ஒரு தனி ஆபத்து உண்டு. ஒருவருக்குக் கால் வலிக்கிறது, திரும்பிவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் மற்றவர் ஆசையாக வந்திருக்கிறாரே என்று வாயைத் திறப்பதில்லை. அந்த மற்றவரும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்! 'இன்னும் பத்து நிமிஷம்தான்' என்று ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டு, இருவருக்குமே விருப்பமில்லாத இடத்துக்கு இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள். தனியாக வந்திருந்தால் அவர்களில் யாரும் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்கள்.

இதற்குத் தீர்வு ரொம்பச் சாதாரணமானது. திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே பேசி முடிவு செய்துவிட வேண்டும். இரண்டு மணி என்றால் இரண்டு மணி. உச்சி நூறு அடியில் தெரிந்தாலும் சரி, திரும்ப வேண்டும். அதே போல, மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும். வேகமானவர் முன்னால் போனால் என்ன ஆகிறது? வளைவில் நின்று காத்திருக்கிறார், மற்றவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடுகிறார். ஓய்வு தேவையில்லாதவருக்கு ஓய்வு கிடைக்கிறது, தேவைப்பட்டவருக்குக் கிடைக்கவில்லை.

599 மீட்டருக்கு இவ்வளவு கணக்கா, ஜாலியே போய்விடாதா என்று சிலர் சிரிக்கலாம். நேரம் முன்பே பேசப்பட்டிருந்தால்தான் மனசு கடிகாரத்தை விட்டுவிட்டு இலையைப் பார்க்கும், நிதானமாக அரட்டை அடிக்கும். 'போதும், திரும்பலாம்' என்று சொல்ல ஒருவரும், அதைக் கேட்டு முகம் சுளிக்காமல் திரும்ப இன்னொருவரும் இருந்தால் அது நல்ல ஜோடி. மேப்பிள் அடுத்த வருஷமும் சிவக்கத்தான் போகிறது. அப்போது விட்டுப்போன நூறு அடியையும் சேர்த்து ஏறிக்கொள்ளலாம்.