மொட்டைக் கடுதாசியும் ஒன்பது மாதக் குழந்தையும்

குழந்தைக்குத் தடுப்பூசி போடலாமா, வேண்டாமா என்று புருஷனும் பெண்டாட்டியும் மல்லுக்கு நிற்கும் வீடுகள் இப்போது நம் தருமபுரிப் பக்கத்திலும் இருக்கின்றன. பல வீடுகளில் தாய் போடவேண்டும் என்கிறாள், தகப்பன் செல்போனைக் காட்டி வேண்டாம் என்கிறான். சில வீடுகளில் நேர்மாறு. வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? "அது அவங்க ரெண்டு பேர் விஷயம், நாம தலையிடக் கூடாது" என்று பேப்பரை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பெரியவர்களுக்குத்தான், அதாவது என் வயதுக்காரர்களுக்கு. இந்த ஒரு விஷயத்தில் ஒதுங்கி நிற்பது மரியாதை அல்ல, கடமை தவறுவது என்பது என் கட்சி.

2017 பிப்ரவரி உங்களுக்கு நினைவிருக்கும். தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊசி. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் வரை எல்லோருக்கும் போடுவதென்று தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் முதலில் ஆரம்பித்தார்கள். ஊசி பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன்பே வதந்தி வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. பெற்றோர் பலர் மறுத்தார்கள். குறித்த நாளுக்குள் முடிக்க முடியாமல் நம் மாநிலத்தில் முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அந்த வதந்தியை எழுதியவர் யார்? இன்றுவரை யாருக்கும் தெரியாது. அனுப்பியவர்களைக் கேட்டால் "எனக்கு வந்துச்சு, நான் அனுப்பினேன்" என்பார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் தபால் பிரித்தவன் நான். பெயர் இல்லை, விலாசம் இல்லை, கையெழுத்து இல்லை என்றால் அதற்கு எங்கள் ஊழியர் பாஷையில் மொட்டைக் கடுதாசி என்று பெயர். அதன் மேல் நடவடிக்கை தேவையில்லை என்று குறிப்பெழுதி மூடிவிடுவோம். ஒரு சென்ட் நிலத்துக்குப் பட்டா மாற்ற வேண்டுமென்றாலும் யார் மனு, என்ன ஆதாரம் என்று பத்துக் கேள்வி கேட்பவர்கள் நாம். பேரப்பிள்ளையின் உயிர் விஷயத்தில் மட்டும் மொட்டைக் கடுதாசியை ஆதாரமாக எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

எதிர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை 1955இல் எதிர்த்தவர் சாதாரண ஆள் இல்லை, ராஜாஜி. அவர் பிறந்த தொறப்பள்ளி அன்றைக்குச் சேலம் மாவட்டம், 1965 முதல் நம் தருமபுரி மாவட்டம், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். அவர் தன் பெயரைப் போட்டு, அச்சடித்து, பதில் சொல்ல இடம் வைத்து எதிர்த்தார். விஞ்ஞானிகளும் சோதித்துப் பார்த்தார்கள். 1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டியது. அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் கைக்குழந்தைக்கு மூளை உறையில் வரும் கொடிய காசநோயிலிருந்து அதே ஊசி காப்பாற்றுகிறது. அதனால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள். இப்படித்தான் ஒரு எதிர்ப்பைச் சோதித்து, தள்ள வேண்டியதைத் தள்ளி, கொள்ள வேண்டியதைக் கொள்வது.

"ஊசி போட்டால் ஆட்டிசம் வரும்" என்கிறார்களே, அதற்கும் ஒரு மூலம் உண்டு. 1998இல் வேக்ஃபீல்டு என்ற இங்கிலாந்து மருத்துவர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை அது. 2010இல் அதை வெளியிட்ட பத்திரிகையே திரும்பப் பெற்றது. அதே வருஷம் அவர் பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்தும் நீக்கினார்கள். கோப்பு மூடி வருஷங்கள் ஆகின்றன. செல்போனில் மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

எங்கள் தெருவில் ஓர் இளம் தகப்பன் என்னிடமே கேட்டான்: "ஐயா, உங்க காலத்துல இத்தனை ஊசியா இருந்துச்சு? நீங்கல்லாம் நல்லா இல்லையா?"

"எங்க அம்மா பெத்தது ஏழுப்பா. மிஞ்சினது நாலு. அந்த நாலுல ஒருத்தன்தான் உன் முன்னாடி நிக்கிறேன். போன மூணு பேரைக் கூப்பிட்டு நல்லா இருக்கீங்களான்னு கேக்க முடியாதே" என்றேன்.

அவன் பேசவில்லை. இந்தப் பதிலைச் சொல்ல நம்மைப் போன்றவர்களை விட்டால் ஆள் இல்லை. கக்குவான் இருமலில் குழந்தை நீலம் பாரித்ததை அவன் பார்த்ததில்லை. தொண்டை அடைப்பான், ரண ஜன்னி என்ற பெயர்களே அவனுக்குப் புதிது. பெரியம்மை வந்த வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியதையும், பிழைத்தவர்களில் சிலர் கண் போய் உட்கார்ந்திருந்ததையும் பார்த்த தலைமுறை நம்மோடு முடிகிறது. காரைக்காலில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் என் பெஞ்சுக்காரன் காலில் இரும்புச் சட்டம் மாட்டி வருவான். இளம்பிள்ளை வாதம். இந்தியாவில் அந்த நோயின் கடைசிக் கேஸ் 2011 ஜனவரியில். பெரியம்மை 1975இலேயே இந்தியாவை விட்டுப் போனது, 1980இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். இவை தானாகப் போகவில்லை. நம் கையில் இருக்கும் அம்மை குத்திய தழும்புதான் சாட்சி.

அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்த பாடம் ஒன்று உண்டு. 1885 ஜூலையில், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையனை அவன் தாய் பாரீசுக்கு, லூயி பாஸ்தரிடம் அழைத்து வந்தாள். அதுவரை பழக்கத்தில் இல்லாத ஊசி. பையன் பிழைத்தான். நம் ஊரில் இன்றும் நாய் கடித்தால் எந்தத் தகப்பனும் வாட்ஸ்அப்பைப் பார்த்து யோசிப்பதில்லை. அடுத்த பஸ்ஸில் தருமபுரி அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறான். கடித்த நாய் கண்ணுக்குத் தெரிகிறது. தட்டம்மை தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பயப்பட நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்துபோயின. தமிழ்நாடே பதறியது. அதன்பின் அரசு கிராமத்துக்குப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றியது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 2005-06இல் 100க்கு 81 பேர். 2015-16இல் 70 பேர். 2019-21இல் 89 பேர். விழுந்ததை மீண்டும் தூக்கி நிறுத்த எத்தனை வருஷம் ஆகிறது பாருங்கள். அந்த நான்கு தாய்மார்களின் துக்கத்தை மதிக்க வேண்டுமானால், ஊசியைப் பத்திரமாகப் போடச் சொல்லி நிற்க வேண்டும். போடாமல் விடுவது அதற்குப் பதில் ஆகாது.

"ரெண்டு பேரும் ஒத்துப்போகட்டும், அதுவரை பொறுப்போம்" என்கிறார்களே, அதுதான் மகா ஆபத்து. பொறுப்பது நடுநிலை அல்ல. போடாதே என்பவரின் கட்சி அன்றே ஜெயித்துவிடுகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குக் கொஞ்ச மாதங்கள்தான் தாங்கும். அது குறையும் சமயம் பார்த்துத்தான் தட்டம்மை ஊசியை ஒன்பது மாதத்தில் வைத்திருக்கிறார்கள். ஊசி போடாதவர்கள் நடுவில் தட்டம்மை கண்ட ஒருவர் 12 முதல் 18 பேருக்கு அதைப் பரப்புவார். ருபெல்லா கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்குக் கண், காது, இருதயம் கெடும். சண்டை உங்கள் வீட்டுக்குள் இருக்கலாம், நோய் வாசல் தாண்டும்.

"என் பிள்ளை, நான் முடிவு செய்வேன்" என்ற பேச்சை நம் மாவட்டம் ஏற்கெனவே கேட்டிருக்கிறது. பெண் சிசுவின் உயிரைக் குடும்பமே தீர்மானித்த காலம் அது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு நம் மாவட்டத்துக்கும் வந்தது. இரண்டும் ஒரே குற்றம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவரின் உடைமை அல்ல, அதற்கென்று ஓர் உயிர் உண்டு என்ற பாடத்தை நாம் பெரிய விலை கொடுத்துப் படித்தோம் என்கிறேன்.

ஆகவே, என் வயதுக்காரர்களே, பெயரில்லாத செய்தி வந்தால் அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். மகனையோ மருமகனையோ உட்காரவைத்து, நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். சட்டைக் கையை மடக்கித் தழும்பைக் காட்டுங்கள். அவனுக்கு இருக்கும் சந்தேகத்தைக் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ டாக்டரிடமோ நேரில் கேட்கச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பெயர் உண்டு, நாற்காலி உண்டு, நாளைக்கும் அங்கேயே இருப்பார்கள். ஊசி போடும் நாள் புதன்கிழமை. மருமகள் தனியாகப் போகத் தயங்கினால், குடையை எடுத்துக்கொண்டு நீங்கள் கூடப் போங்கள்.