தேய்ந்த ரேகைக்கு என்ன பயிற்சி?

"வயதானவர்களுக்குக் கற்கும் ஆர்வமில்லை, பயிற்சி கொடுத்தால் எந்தக் கருவியும் பழகிவிடும்" என்கிறார்கள். கோவில்பட்டிப் பக்கம் வந்து இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

தீப்பெட்டி ஆபீசில் கட்டைக்குக் குச்சி அடுக்கி, பெட்டி ஒட்டி, கரிசலில் பருத்தி எடுத்து, உளுந்துச் செடி பிடுங்கித் தேய்ந்த கைகள் இங்கே ஏராளம். ரேஷன் கடையில் அந்தக் கட்டைவிரலை வைத்தால் இயந்திரம் ஏற்பதில்லை. ஒரு ஆச்சி முந்தானையில் துடைத்து மறுபடி வைக்கிறார். "வேற விரலை வைங்க ஆச்சி" என்கிறார் விற்பனையாளர். ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்க்கிறார். பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. இதில் ஆச்சி கற்க என்ன இருக்கிறது?

ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றுக்காக 2014இல் ரேகை வைத்துச் சரிபார்க்கும் ஜீவன் பிரமாண் முறை வந்தது. முகம் பார்த்துச் சரிபார்க்கும் வசதி 2021இல்தான் சேர்ந்தது. அந்த ஏழு வருடமும் ரேகை விழாத பெரியவர்களைத்தானே குறை சொன்னோம்? நூறு நாள் வேலையிலும் இதே கதை: செயலியில் படம் ஏறாவிட்டால், வெயிலில் மண் வெட்டியவருக்கு வருகை விழாது.

ஆர்வமில்லையாம்! துபாயிலிருக்கும் பேரனுக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பும் ஆச்சிகளை எனக்குத் தெரியும். யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஒரு பொத்தான், சொந்தப் பேச்சு; எழுத்தே தேவையில்லை.

ஓடிபி கேட்கும் திரை நிதானமாகக் காத்திருக்கட்டும், தமிழில் பேசட்டும். ரேகை தோற்றால் மாற்றுவழியைக் கருவியே காட்டட்டும். அடுத்த கருவியை எட்டயபுரத்து ரேஷன் கடையில் சோதித்துவிட்டு வெளியிடுங்கள்.