கான்சஸ் சொல்லும் பாடம்

அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில், கருவிலுள்ள உயிரைக் காக்க வேண்டும் என்று நம்பும் கிறிஸ்தவ இளைஞர்கள் ஒரு மேசையைப் போட்டு நிற்பதுண்டு. ‘கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கலாமா?’ என்று பலகையில் எழுதியிருக்கும். வகுப்புக்குப் போகும் மாணவி ஒருத்தி நின்று தன் பதிலை எழுதுவாள், பேச்சு தொடங்கும். இதை நல்ல முறையில் செய்ய நினைப்பவர்கள் தங்கள் சபைகளின் வரலாற்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கருக்கலைப்பு கூடாது என்று ‘டிடாக்கே’ என்ற மிகப் பழைய திருச்சபை நூல் சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை அந்த நிலையில் உறுதியாக நின்றது. அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் சபைகளில் அந்தத் தெளிவு இருக்கவில்லை. தாயின் உடல்நலமோ மனநலமோ கெடும் என்றால் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வேண்டும் என்று 1971-இல் ‘தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு’ என்ற புராட்டஸ்டண்ட் சபைகளின் அமைப்பே தீர்மானம் போட்டது. 1973-இல் கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கிய ‘ரோ எதிர் வேட்’ தீர்ப்பு வந்தது. 1979-இல் இறையியலாளர் பிரான்சிஸ் ஷேஃபரும் மருத்துவர் எவரெட் கூப்பும் கருக்கலைப்பை எதிர்க்கும் புத்தகத்தோடும் திரைப்படத்தோடும் சபைகளைத் தேடிப் போனார்கள். 1980-இல் அதே மாநாடு, தாயின் உயிரைக் காப்பதற்குத் தவிரக் கருக்கலைப்பைத் தடை செய்ய வேண்டும் என்று தீர்மானித்தது. வேதத்தைக் கையில் வைத்திருந்த சபைக்கே மனம் மாற ஒன்பது ஆண்டுகள் ஆயின. பத்து நிமிடப் பேச்சில் ஒரு மாணவி மாறிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

பொறுமை இழந்தால் என்ன நடக்கும் என்பதைக் கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரம் கண்டது. 1991 கோடையில் கருக்கலைப்பை எதிர்த்த ஆயிரக்கணக்கானோர் அங்கே கருக்கலைப்பு மருத்துவமனைகளின் வாசல்களை மறித்தார்கள். கைதுகள் 2,000-ஐத் தாண்டின. 2009 மே 31, ஞாயிற்றுக்கிழமை, அந்நகரின் கருக்கலைப்பு மருத்துவர் ஜார்ஜ் டில்லர் கருக்கலைப்பு எதிர்ப்பாளர் ஒருவரால் தம் ஆலயத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். உயிரைக் காப்பதாகச் சொல்லி உயிரைப் பறித்த அந்தப் பாவத்துக்கு எந்த நியாயமும் கிடையாது.

வேறொரு வழியும் அதே நகரத்திலிருந்துதான் வந்தது. விச்சிட்டாவைச் சேர்ந்த ‘ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ அமைப்பு வளாகங்களில் பேசும் தன் தொண்டர்களுக்கு மூன்று பழக்கங்களைக் கற்பிக்கிறது: புரிந்துகொள்வதற்காகக் கேட்பது, திறந்த மனத்தோடு கேள்வி கேட்பது, இருவரும் ஒத்துப்போகும் இடத்தைத் தேடுவது. மாணவர்களின் கேள்விகளும் எளியவை அல்ல. கருவும் மனித உயிரே என்று வைத்துக்கொண்டாலும், அதைச் சுமக்கும்படி ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்த முடியுமா என்று தத்துவ அறிஞர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1971-இல் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் மேசைக்கு வருகிறது. அதற்கு வசனத்தை மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. அதன் வலுவை ஒப்புக்கொண்டு பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் கருக்கலைப்பு செய்துகொள்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இருபதுகளில் இருப்பவர்கள். எதிரே நிற்கும் மாணவி அந்த முடிவை ஏற்கெனவே எடுத்தவளாக இருக்கலாம். இன்று காலையில்தான் தான் கர்ப்பம் என்று அறிந்து கலங்கியவளாகவும் இருக்கலாம். அவளிடம் ஜெயிக்க வந்தவருடைய பேச்சு அவளைக் காயப்படுத்தும். படிப்பு, வேலை, பணம், கைவிட்ட காதலன் என்று அவள் சொல்வதையெல்லாம் கேட்டு, குழந்தை பிறந்த பிறகும் உடன் நிற்பவருடைய பேச்சுக்குத்தான் அவளிடம் மதிப்பு இருக்கும்.

2022 ஜூன் 24-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘ரோ’ தீர்ப்பை ரத்து செய்தது. நாற்பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தவர்கள் கொண்டாடினார்கள். ஆறு வாரங்களுக்குள், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பிலிருந்து நீக்கும் திருத்தத்தைக் கான்சஸ் வாக்காளர்களில் ஏறக்குறைய 59 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். நீதிமன்றத்தில் கிடைத்த வெற்றி அயலாரின் மனத்தை மாற்றிவிடவில்லை. மனத்தை மாற்ற விரும்புகிறவர்கள் அடுத்த தேர்தலைக் கணக்கிடுவதை விட்டு, அடுத்த தலைமுறையோடு பொறுமையாகப் பேச வேண்டும். பேசியபடி வாழ்ந்தும் காட்ட வேண்டும்.