வண்டியில் ஏற மறுக்கும் மாடு: திமிரா, பயமா?

மணவாளக்குறிச்சி பக்கம் மாடு வளர்க்கும் வீடுகளில் இந்தக் காட்சி புதிதல்ல. வாசலில் ‘குட்டி யானை’ வண்டி நிற்கும். முன்னால் ஒருவர் மூக்கணாங்கயிற்றை இழுப்பார், பின்னால் இரண்டு பேர் தள்ளுவார்கள். “லேய், வாலைப் பிடிச்சு முறுக்குல!” என்று ஒரு குரல் வரும். கடைசியில் மாடு ஏறிவிடும். ஆனால் அடுத்த முறை வண்டியைப் பார்த்ததுமே மிரளும்.

“திமிர் பிடிச்ச மாடு” என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது பயம்.

ஏன் பயப்படுகிறது?

மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், 300 டிகிரிக்கும் மேல் அதற்குத் தெரியும். ஆனால் நேர் எதிரே உள்ள ஆழத்தைக் கணிப்பது கடினம். தரையில் விழும் நிழல்கூடப் பள்ளமாகத் தோன்றலாம். வெயிலில் நிற்கும் மாட்டுக்கு, தார்ப்பாய் போட்ட வண்டிக்குள் வெறும் இருட்டுதான். கால் வைத்தால் இரும்புத் தகடு வழுக்குகிறது, சத்தம் போடுகிறது. மனிதரே தயங்கும் இடம் அது!

எப்படிப் பழக்குவது?

குதிரை வளர்ப்பவர்கள் பின்பற்றும் முறை மாட்டுக்கும் பொருந்தும். கயிற்றை லேசாக இழுத்துப் பிடிக்க வேண்டும். ஓர் அடி முன்னால் வைத்த நொடியே தளர்த்திவிட வேண்டும். ‘முன்னால் போனால் இழுப்பு நிற்கும்’ என்று விலங்கு தானாகவே புரிந்துகொள்ளும்.

முதலில் வண்டியை ஒரு மண்மேட்டை ஒட்டி நிறுத்தலாம். ஏறும் உயரம் குறையும். என்ஜின் ஓடக் கூடாது. முதல் நாள் பலகைக்குப் பக்கத்தில் புல் போடுங்கள், அடுத்து பலகை மேல், பிறகு வண்டிக்குள். முன்னங்கால் வைத்துவிட்டுப் பின்வாங்கினால் விட்டுவிடுங்கள். பழகிய மாடு ஒன்று முன்னால் ஏறினால், வேலை இன்னும் எளிது. கதவை அடைப்பதும் என்ஜினை ஓட்டுவதும் கடைசிப் பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1978 விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. உடன் ஓர் ஆள் இருக்க வேண்டும். தரையில் தேங்காய்நார்ப் பாயோ மரப்பலகையோ போட வேண்டும். தென்னையும் கயிறு திரிப்பும் உள்ள குமரி மாவட்டத்தில் நார்ப் பாய்க்கு என்ன பஞ்சம்?

ஆனால் 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். ஒரு டீ, வடைச் செலவு! இதற்குப் பயந்து யாரும் மாறப்போவதில்லை. அபராதத்தை உயர்த்துவது அரசின் கடமை. அதுவரை நாம் காத்திருக்கத் தேவையில்லை.

“இதுக்கெல்லாம் நேரம் எங்கே?”

நியாயமான கேள்விதான். வாடகை வண்டி காத்திருக்காது. ஆனால் பழக்குவதற்கு வாடகை வண்டியே தேவையில்லை. தொழுவத்தில் ஒரு பலகையும் பாயும் போட்டு, தினமும் பத்து நிமிடம் அதன் மேல் நடக்க வைத்தாலே பாதி வேலை முடிந்தது. மிரண்ட கறவை மாடு மடியில் பாலை அடக்கிக்கொள்ளும். காலில் அடிபட்டால் மருத்துவச் செலவு தனி. அவசரப்படுவதில்தான் நஷ்டம் அதிகம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2017 ஒக்கி புயலையும் 2021 நவம்பர் வெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் இது. தண்ணீர் ஏறும் இரவில் மாட்டுக்குப் பாடம் நடத்த முடியாது. அன்று தானாக வண்டியில் ஏறும் மாடுதான் பிழைக்கும். மழைக்காலத்துக்கு முன்பே ஒரு பலகையைத் தேடி எடுங்கள்.