சம்பந்தம் காட்டில் பேசு!

ரோஜா சங்கத்துக்காரர்கள் நாலு பேர் கூடினால் டி.ஏ. அரியர்ஸ், கிரிக்கெட் எல்லாம் பேசமாட்டார்கள். ‘இந்தப் பூவுக்கு அம்மா யார், அப்பா யார்?’ என்றுதான் விசாரிப்பார்கள். கல்யாணத் தரகர் தோற்றார், போங்கள்!

விசாரிக்கக் காரணம் இருக்கிறது. நர்சரியில் பூத்துக் குலுங்கும் தொட்டி ஒன்றை வாங்கிப்போய், பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பத்து வாசலில் வையுங்கள். கத்திரி வெயில் முடிவதற்குள் குச்சிதான் மிஞ்சும். ‘தண்ணி போதலை, உரம் போதலை’ என்று வீட்டுக்காரம்மாவுக்குத் திட்டு விழும். கோளாறு பரம்பரையில் ஸார்! 1867-ல் பிரான்சில் பிறந்த ‘லா பிரான்ஸ்’ தொடங்கி, கடை ரோஜாக்களில் பெரும்பாலானவை குளிர்தேசத்து வம்சம்.

இதை மாற்றக் கிளம்பினார் எம்.எஸ். வீரராகவன். ஆந்திராவில் ஐ.ஏ.எஸ். உத்தியோகம். ஓய்வு வயதுக்கு முன்பே அதை உதறிவிட்டு, மனைவி கிரிஜாவுடன் கொடைக்கானலில் குடியேறி, ரோஜாவுக்கு வரன் பார்க்க உட்கார்ந்துவிட்டார். நாமெல்லாம் ஒரு காஷுவல் லீவ் போடவே நாலு நாள் யோசிக்கிற ஜாதி!

அவர் பிடித்த வரன்களில் முக்கியமானது ‘ரோஸா கிளைனோஃபில்லா’. வங்காளப் பக்கம் ஆற்றங்கரையில் வளரும் காட்டுச் செடி. வெயிலைத் தாங்கும், வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும். பூ என்னவோ ஐந்து இதழ் வெள்ளை, அவ்வளவுதான். அழகை நர்சரி ரோஜாவிடமும் தெம்பை இதனிடமும் வாங்குவது திட்டம்.

கல்யாணம் நடத்துவது சுலபம். காலையில், முழுக்க விரியாத பூவின் இதழ்களை உரித்து, மகரந்தப் பைகளைக் கத்தரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சொந்த மகரந்தமே விழுந்து காரியம் கெட்டுவிடும். பிறகு மாப்பிள்ளைப் பூவின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, உறை மாட்டி, பெயர்ச்சீட்டு கட்டினால் முகூர்த்தம் முடிந்தது. காய் பழுக்க மூணு நாலு மாதம். விதையைச் சில வாரம் ஃபிரிட்ஜில் வைத்து விதைத்தால், ஒரே காயின் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. நூற்றுக்கணக்கில் வளர்த்து, ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பிடுங்கி எறியணும். அந்த ஒன்றிரண்டும் தேறுமா என்று தெரியவே வருஷக்கணக்கில் ஆகும். இன்க்ரிமெண்ட் மாதிரி ஜூலை வந்தால் வந்துவிடாது.

காட்டில் சம்பந்தம் பேசுவது நமக்குப் புதிதல்ல. கோயமுத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் தித்திக்கும் கரும்பையும் நாணல் மாதிரியான காட்டுக் கரும்பையும் சேர்த்துத்தான் 1918-ல் ‘கோ 205’ ரகத்தைக் கொண்டுவந்தார்கள். பிற்பாடு அதே நிலையத்தில் வேலை பார்த்த தாவரவியல் மேதை ஜானகி அம்மாளின் (1897-1984) பெயரைத்தான் வீரராகவன் தம்பதி தங்கள் மஞ்சள் ரோஜா ஒன்றுக்குச் சூட்டினார்கள்.

அடுத்த தடவை நர்சரியில் ‘என்ன விலை?’ என்பதற்கு முன்னால், ‘எந்த ஊர் வம்சம்?’ என்று கேளுங்கள். கடைக்காரர் முறைப்பார். பரவாயில்லை, கேளுங்கள்!